பிராக்சி என்னும் சோதனைச்சாவடி: கட்டற்ற மென்பொருளும் கட்டுண்ட ஆய்வாளரும்

கல்லூரி மாணவரிடையே ‘பிராக்சி’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு: வகுப்புக்கு வராதவருக்காக மற்றொருவர் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பது. கணினி வலையமைப்பிலும் ஏறத்தாழ அதே பொருள்தான். மாணவரின் கணினி தானாக இணையத்துக்குள் செல்வதில்லை. அதன் பெயரால் நிறுவனத்தின் கணினி ஒன்று சென்று, கேட்டதை வாங்கிவந்து கொடுக்கிறது. வருகைப்பதிவில் பிராக்சி கொடுத்தால் தண்டனை. வலையமைப்பில் பிராக்சி கொடுக்கத் தெரியாவிட்டால் தண்டனை. இரண்டாவது தண்டனை எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. அதனாலேயே அதைப் பற்றி எவரும் பேசுவதுமில்லை.

லினக்ஸ் கணினியுடன் ஆய்வில் சேரும் ஒருவருக்கு முதல் வாரத்தில் நேர்வது இதுதான். உலாவியில் நிறுவனத்தின் பிராக்சி முகவரியும் 3128 அல்லது 8080 என்ற வாயில் எண்ணும் இட்டவுடன் இணையப் பக்கங்கள் திறக்கின்றன. வேலை முடிந்தது என்று எண்ணி, முனையத்தைத் திறந்து, ஆப்ட் கட்டளையால் ஒரு மென்பொருளை நிறுவ முயல்கிறார். கணினி நெடுநேரம் காத்திருந்து, இணைக்க இயலவில்லை என்று கைவிரிக்கிறது. உலாவியில் இணையம் இருக்கிறது, முனையத்தில் இல்லை. இந்த முரணை விளக்க அருகில் எவரும் இல்லை. கணினி மையத்தில் கேட்டால் ‘விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை கிடைக்கும். கட்டற்ற மென்பொருளைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாட்டில் அதற்கு எதிராகச் செய்யப்படும் மிகச் சிறந்த பரப்புரை இந்த ஒற்றை வரிதான்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளிலிருந்து உயர்கல்விக்கு வரும் தமிழ் மாணவருக்கு இந்தத் தண்டனை கூடுதல் கசப்புடையது. லினக்ஸ் அவருக்குப் புதிதன்று. கேரளப் பொதுக்கல்வித் துறை 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்தின் பள்ளிக் கணினிக் கல்வி படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் வழங்கப்பட்டபோது, உரிமக் கட்டணமாகச் சென்றிருக்கக்கூடிய ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ தமிழ்வழியில் படித்த ஒரு மாணவர், சென்னையிலோ மதுரையிலோ படித்த பலரைக் காட்டிலும் முன்பே லினக்ஸைத் தொட்டவர்.

அந்தப் பள்ளித் திட்டத்தில் பலர் கவனிக்கத் தவறிய நுட்பம் ஒன்று உண்டு. மாணவருக்கும் ஆசிரியருக்கும் தேவையான மென்பொருள்கள், லிபர் ஆபீஸ், கிம்ப், ஜியோஜீப்ரா முதலியவை, ஒரே நிறுவற்படிமத்துக்குள் முன்கூட்டியே அடுக்கித் தரப்பட்டன. ஒரு பென்டிரைவ் இருந்தால் போதும். வலையமைப்பு மெதுவாக இருந்தாலும், இல்லாமலே போனாலும், வகுப்பு நடக்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் இணையம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தவர்கள் செய்த ஏற்பாடு அது. மென்பொருளை நிறுவும் சுமை குழந்தையின் தலையில் விழக்கூடாது என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்டப்பட்ட இந்தக் கரிசனம், அதே பிள்ளை இருபத்தைந்து வயதில் ஆய்வாளராக வரும்போது எங்கே போயிற்று?

உயர்கல்வி வளாகங்களில் அவருக்குக் கிடைப்பது ஒரு முகவரியும், ஒரு பயனர் பெயரும், ஒரு கடவுச்சொல்லும் மட்டுமே. அவற்றை எங்கெல்லாம் எழுதவேண்டும் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸில் பிராக்சிக்கென்று அனைத்துக்கும் பொதுவான ஒரே இடம் இல்லை. மேசைத்தளத்தின் அமைப்புப் பலகத்தில் இட்டால் உலாவி முதலிய சில செயலிகள் மட்டும் ஏற்கும். முனையத்துக்குச் சூழல் மாறிகளாக எழுதவேண்டும். எழுதிய பின்னும் சூடோ கட்டளை பாதுகாப்புக் கருதி அந்த மாறிகளைத் துடைத்துவிட்டே அடுத்த நிரலை இயக்கும். ஆகவே ஆப்டுக்கு அதன் அமைவு அடைவுக்குள் தனிக்கோப்பு வேண்டும். டெபியன் நிறுவி தமிழிலும் இயங்கக்கூடியது. நிறுவும் வேளையில் பிராக்சி முகவரியை அது கேட்கவும் செய்யும். ஆனால் அங்கே கொடுக்கும் விடை ஆப்டுக்கு மட்டுமே சென்று சேரும். ஸ்நாப் தன் பின்னணிச் சேவைக்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்கிறது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸே ஸ்நாப் வழியாக வருவதால், ஆப்டுக்குச் சரியாக எழுதியவரும் ஃபயர்பாக்ஸை நிறுவும்போது தடுக்கி விழுவார். டாக்கர் தன் சேவைக்குத் தனி அமைவு கேட்கும். ஜாவாவில் எழுதப்பட்ட கருவிகளுக்கு வேறு முறை. கோண்டாவுக்கும் கிட்டுக்கும் தத்தம் அமைவுக்கோப்புகள்.

எழுத்து முறையிலும் பொறிகள் உண்டு. சூழல் மாறியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவதா, சிறிய எழுத்தில் எழுதுவதா? சில கருவிகள் இரண்டையும் ஏற்கும். கர்ல் என்னும் பரவலான கருவி, எச்.டி.டி.பி. பிராக்சிக்கான மாறியைச் சிறிய எழுத்தில் மட்டுமே ஏற்கும். அதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை எவர் மாணவருக்குச் சொன்னார்? தமிழ் எழுத்தில் பெரிது சிறிது என்ற பாகுபாடு இல்லை. தமிழ்வழியில் பயின்றவரின் கண் அந்த வேறுபாட்டைப் பொருள் வேறுபாடாகப் பார்க்கப் பழகியதன்று. கடவுச்சொல்லில் ‘அட்’ குறி வந்தால் அதை விழுக்காட்டுக் குறியும் 40 என்ற எண்ணுமாக மாற்றி எழுதவேண்டும். இல்லையேல் கடவுச்சொல்லின் பிற்பாதியைக் கணினி முகவரியாகப் படிக்கும். வலுவான கடவுச்சொல் வைக்கச் சொல்லி வலியுறுத்தும் அதே நிறுவனம், வலுவான கடவுச்சொல் வைத்தவரின் கணினியில்தான் எதுவும் நிறுவப்படாமல் போகும் என்பதைச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய தீங்கு அந்தக் கடவுச்சொல்லுக்கே நேர்கிறது. மேற்சொன்ன ஒவ்வோர் அமைவுக்கோப்பிலும் அது மறைக்கப்படாத வெற்றெழுத்தாக எழுதப்படுகிறது. ஆப்டின் அமைவுக்கோப்பு, இயல்பான அனுமதிகளின்படி, அக்கணினியின் எல்லாப் பயனர்களும் படிக்கக்கூடியது. பிராக்சியின் அடிப்படை அடையாளமுறையில் கடவுச்சொல் வலையமைப்பில் செல்லும்போதும் குறியாக்கம் பெறுவதில்லை. வேறு எழுத்துவடிவத்துக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே. எவரும் அதை நொடியில் திருப்பிப் படிக்கலாம். மின்னஞ்சலுக்கும் பிராக்சிக்கும் ஒரே கடவுச்சொல் என்று வைத்திருக்கும் வளாகங்களில், ஆய்வுக்கூடத்தின் பொதுக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ முயன்றவர் தம் மின்னஞ்சலின் சாவியையும் அங்கேயே விட்டுச்செல்கிறார். ‘கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதீர்’ என்ற அறிவிப்பு அந்தக் கணினியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

சில இடங்களில் பிராக்சி இன்னும் ஒரு படி மேலே சென்று, பாதுகாப்பான இணைப்புகளையும் இடையில் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழை ஒட்டி அனுப்புகிறது. உலாவியில் அந்தச் சான்றிதழை நிறுவிவிடலாம். பிப்பின் பழைய பதிப்புகள், கோண்டா போன்றவை தம்முடைய சான்றிதழ்த் தொகுப்பையே நம்புவன, அவை மறுத்துவிடுகின்றன. களைத்துப்போன ஆய்வாளர் இணையத்தில் தேடுகிறார். சரிபார்த்தலையே நிறுத்திவிடும்படி யாரோ ஒருவர் எழுதிய விடை கிடைக்கிறது. அதைச் செய்கிறார், வேலை நடக்கிறது. அன்று முதல் அவர் கணினி எவரிடமிருந்து வரும் மென்பொருளையும் கேள்வியின்றி ஏற்கும். பாதுகாப்பின் பெயரால் எழுப்பிய சுவர் பாதுகாப்பைத் துறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில் நிர்வாகத் தரப்பின் முதல் வாதம் வரும்: சட்டம் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணைகளின்படி வலையமைப்பின் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பது உண்மை. எவர் எங்கே சென்றார் என்பதற்கான பதிவு நிறுவனத்திடம் இருக்கவேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் பதிவேடு வைப்பதற்கு, ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் கடவுச்சொல்லை எழுதச் சொல்லவேண்டிய தேவை எதுவுமில்லை. கம்பியில்லா இணைப்பில் நுழையும்போதே பயனரை அடையாளம் காணும் முறைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. நுழைவாயிலில் ஒருமுறை கேட்டால் உள்ளே மேசைக்கு மேசை கேட்கவேண்டியதில்லை. மேலும், பிராக்சியால் ஆப்ட் முடங்கிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களும் வந்துசேர்வதில்லை. பொறுமையிழந்தவர் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு நிறுவுகிறார். அந்தப் போக்குவரத்து நிறுவனத்தின் பதிவேட்டில் ஒருபோதும் ஏறாது. புதுப்பிக்கப்படாத கணினிகளும் பதிவாகாத போக்குவரத்தும்தாம் இந்த ஏற்பாட்டின் விளைவு என்றால், எந்தச் சட்டத்துக்கு அது கீழ்ப்படிகிறது?

இரண்டாவது வாதம் பேராசிரியர் தரப்பிலிருந்து வருவது: ஆய்வாளர் என்றால் இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கேட்பதற்கு உயர்வாக ஒலிக்கும் இவ்வாதம், கற்றலையும் அலைக்கழிப்பையும் ஒன்றாக்குகிறது. இடுக்கி மலைகளில் முதுவர் பேச்சையோ, அட்டப்பாடியில் இருளர் பேச்சையோ பதிவுசெய்யச் செல்லும் மொழியியல் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். ஒலியலைகளை அளக்க ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் வேண்டும். ஒலிப்பதிவுக்கு வரிவரியாகக் குறிப்பெழுத நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் தரும் ஈலான் வேண்டும். புள்ளியியலுக்கு ஆர், சொற்பெருக்கைப் பகுக்கப் பைத்தான் நூலகங்கள். எல்லாம் விலையில்லாதவை. எல்லாவற்றையும் அவர் வளாகத்தை விட்டுப் புறப்படும் முன்பே நிறுவியாக வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடி போன்ற இடத்துக்குச் சென்று சேர்ந்த பிறகு, விடுபட்ட நூலகத்தை இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ண இயலாது. முதியவர் ஒருவர் பேசச் சம்மதித்த மாலையில் கருவி இயங்கவில்லை என்றால், இழப்பு அந்த மாணவருக்கு மட்டும் உரியதன்று. அந்த மாலையைத் திரும்பப் பெறும் வழி எதுவும் இல்லை.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வளாகத்தில் அரும்பாடுபட்டு எல்லா இடத்திலும் பிராக்சியை எழுதி முடித்தவர் விடுமுறைக்கு வண்டிப்பெரியாற்றுக்கோ வேலந்தாவளத்துக்கோ சென்றால், வீட்டு இணையத்தில் எதுவும் இயங்காது. வளாகத்துக்குள் மட்டுமே வழங்கும் முகவரியைத் தேடிக் கணினி தவித்துக்கொண்டிருக்கும். எழுதிய எல்லா இடங்களிலும் சென்று அழிக்கவேண்டும்; திரும்பியதும் மறுபடி எழுதவேண்டும். ஒரு முறை கற்றால் அறிவு; வாரந்தோறும் செய்தால் அது கூலியில்லா ஊழியம்.

பிராக்சியின் பிறப்பை அறிந்தவருக்கு இதன் அவலம் இன்னும் தெளிவாகும். 1990களின் நடுப்பகுதியில் ஸ்குவிட் போன்ற பிராக்சி நிரல்கள் பரவியதற்கு முதன்மைக் காரணம் காவல் அன்று, சிக்கனம். இணைப்பு மெதுவாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில், ஒருவர் இறக்கியதைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கு உடனே கொடுப்பது அதன் பணி. ஊர்ப்பொதுக் களஞ்சியம் போன்றது அது. பின்னர் இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி குறியாக்கம் பெற்றதாக மாறியது. உள்ளே இருப்பதைப் பார்க்க இயலாத பிராக்சியால் சேமிக்கவும் இயலவில்லை. களஞ்சியம் காலியாயிற்று; காவலாளி மட்டும் எஞ்சினார்.

ஆனால் மென்பொருள் தொகுப்புகளின் விஷயத்தில் அந்தப் பழைய பணி இன்றும் முழுமையாக இயலக்கூடியது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. டெபியன், உபுண்டு களஞ்சியங்களின் தொகுப்புப் பட்டியல் குறியாக்கக் கையொப்பம் உடையது. இறக்கிய பொருள் மாறியிருந்தால் ஆப்ட் கண்டுபிடித்துவிடும். ஆகவே குறியாக்கமில்லாத சாதாரண இணைப்பிலும் அதை அச்சமின்றி அனுப்பலாம், நடுவில் சேமிக்கலாம். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு நிரல் 3142ஆம் வாயிலில் இருந்துகொண்டு இதையே செய்கிறது. ஆய்வுக்கூடத்தின் 40 கணினிகளுக்கும் ஒரு தொகுப்பு ஒரே ஒரு முறை இறங்கினால் போதும். இன்னும் முறையாகச் செய்ய விரும்பினால், உபுண்டுவின் களஞ்சியம் முழுவதும் சில டெராபைட்டுகளில் அடங்கும். நகல் களஞ்சியத்தை வளாகத்துக்குள்ளேயே வைக்கலாம். சென்னை ஐஐடியும் கான்பூர் ஐஐடியும் இத்தகைய நகல் களஞ்சியங்களை நடத்தியவைதாம். வளாகத்துக்குள் களஞ்சியம் இருந்தால் பிராக்சியைக் கடக்கவேண்டிய தேவையே எழாது, கடவுச்சொல் எந்தக் கோப்பிலும் எழுதப்படாது, பதிவேடும் கெடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் பந்தல், பரிசு, பொன்னாடைச் செலவை மிஞ்சாது.

எல்லையில் வாழ்ந்தவருக்கு இதை விளக்க உவமை தேடி அலையவேண்டியதில்லை. வாளையாற்றில் சரக்கு லாரிகள் வணிகவரிச் சாவடிக்கு முன் மணிக்கணக்கில் நின்ற காலம் அவர்கள் நினைவில் உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே சென்றவரும் அதை அறிவர். அந்நாளில் எவரும் வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே சரக்குக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தாளைக் காட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டுநரே பதில் சொல்லவேண்டியிருந்த நிலையைத்தான் வெறுத்தார்கள். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததைத் தொடர்ந்து வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. அந்த வரியைப் பற்றி ஆயிரம் விமரிசனங்கள் இருக்கலாம். கணக்கைச் சாலை நடுவே ஓட்டுநரிடம் கேட்காமல் வேறிடத்தில் கேட்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று. சாலையில் எடுத்த தடையைக் கணினியில் எடுக்க இயலாதா?

இனி, குற்றத்தின் ஒரு பங்கைத் தமிழ் ஆய்வுலகமும் ஏற்கவேண்டும். ‘பிராக்சி’க்குத் தமிழ் என்ன என்ற வினா எழுந்தால் பதிலி, பதிலாள் என்று விடைகள் வரிசைகட்டி வரும், அவற்றுள் எது இலக்கணப்படி சரி என்ற விவாதம் பல நாள் நீளும். ஒரு வளாகத்தின் பிராக்சியை ஆப்டில் எப்படி எழுதுவது, கடவுச்சொல்லின் சிறப்புக்குறிகளை எப்படி மாற்றுவது, வீட்டுக்குச் செல்லும்போது எப்படி நீக்குவது என்று ஒரு பக்க வழிகாட்டியைத் தமிழில் எழுதச் சொன்னால், அது ‘டெக்னீஷியன் வேலை’. கலைச்சொல் ஆக்குவது புலமை; கலைச்சொல் பயன்படும் பக்கத்தை எழுதுவது கீழ்மை. இந்த ஏற்றத்தாழ்வு தமிழ்த்துறைகளுக்கும் மொழியியல் துறைகளுக்கும் பழகிப்போன ஒன்று. சொற்கள் அகராதியில் வாழ்வதில்லை, வாக்கியங்களில் வாழ்கின்றன என்பதை மாணவருக்குக் கற்பிப்பவர்கள், தம் சொற்களுக்கு ஒரு வாக்கியம் கொடுக்க மறுக்கிறார்கள்.

கேரளத்தில் இதற்கு உரிமை அடிப்படையும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழர் அந்த உரிமைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவருகின்றனர். விண்ணப்பப் படிவம் தமிழில் வேண்டும் என்பது பழைய கோரிக்கை, நியாயமான கோரிக்கை. 2023 ஜூன் 5 அன்று கேஃபோன் வலையமைப்பு தொடங்கப்பட்டபோது இணையம் அடிப்படை உரிமை என்று கேரள அரசு பெருமையுடன் அறிவித்தது. அப்படியானால் இணைப்பைப் பயன்படுத்தும் வழிமுறையும் அந்த உரிமையின் பகுதிதான். குழாய் வீட்டுவாசலுக்கு வந்தும் திறக்கும் முறை புரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தண்ணீர் வந்ததாகக் கணக்கெழுதுவது எப்படி?

ஆகவே ஆய்வாளர்கள் கேட்கவேண்டியவை தெளிவானவை, சிறியவை. ஒன்று: ஒவ்வொரு வளாகத்திலும் லினக்ஸ் தொகுப்புகளுக்கு உள்ளகக் களஞ்சியமோ, கடவுச்சொல் கேட்காத சேமிப்பகமோ அமையவேண்டும். இரண்டு: மென்பொருள் கோப்புகளுக்குள் கடவுச்சொல்லை எழுதவைக்கும் அடையாளமுறை கைவிடப்பட்டு, வலையமைப்பின் நுழைவிலேயே அடையாளம் காணப்படவேண்டும். மூன்று: சான்றிதழ் சரிபார்த்தலை நிறுத்தும்படி எந்த ஆய்வாளரும் தள்ளப்படாதவாறு, களஞ்சியங்களின் முகவரிகள் இடைப்பிரிப்பிலிருந்து விலக்கப்படவேண்டும். நான்கு: சேர்க்கை நாளில் தரப்படும் தாள்களோடு, லினக்ஸுக்கான அமைவு வழிகாட்டி மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்படவேண்டும், அதை எழுதும் பொறுப்பில் மொழித்துறைகள் பங்கேற்கவேண்டும். ஐந்து: அதுவரை, பிராக்சியால் இழந்த நாள்களை ஆய்வாளரின் திறமைக்குறைவாக எந்த மேற்பார்வையாளரும் எழுதக்கூடாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு உரிமைகளைப் பேசுகிறது: எந்த நோக்கத்துக்கும் இயக்க, உட்புகுந்து கற்று மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர. நான்கும் மென்பொருள் கைக்கு வந்துவிட்டது என்ற எடுகோளின் மேல் நிற்பவை. கேரளத்தின் பள்ளிகள் அந்த எடுகோளை ஒரு நிறுவற்படிமத்தால் மெய்யாக்கிக் காட்டின. மறையூரின் பள்ளிப் பிள்ளை அதன் பயனைத் தன் விரல்களால் அறிந்தது. அந்தப் பிள்ளை இப்போது ஆய்வாளராக ஒரு வளாகத்தின் கணினிமுன் அமர்ந்து, இணைக்க இயலவில்லை என்ற வரியை ஆறாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு விடை சொல்லவேண்டிய கடமை அந்தக் கணினிக்கு இல்லை, வளாகத்துக்கு இருக்கிறது.